நட்ட 1,200 கன்றில் 83தான் மிச்சம், மறுபடியும் நடச் சொல்கிறார்கள்

கடைமடை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் திருவாரூர் மாவட்டம். கல்லூரியில் விலங்கியல் மூன்றாம் ஆண்டு, என்.எஸ்.எஸ்.ஸிலும் இருக்கிறேன். இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஜூலை 26, உலக அலையாத்தி (கடலோரச் சேற்றில் வளரும் மரங்கள்) தினத்தன்று இரண்டு பஸ்ஸில் 90 பேர் முத்துப்பேட்டைப் பக்கம் போனோம். வாய்க்கால் ஓரமாக மரமே இல்லாத ஒரு பெரிய சேற்றுத் திடல். அங்கே அலையாத்தியில் ஒரு வகையான சுரபுன்னைக் கன்று 1,200 நட்டோம். எல்லாம் நாற்றங்காலில் இருந்து வந்த பாக்கெட் கன்று. மீட்டருக்கு ஒன்று, கயிறு பிடித்து வரிசையாக. பேனர், டி ஷர்ட், எலுமிச்சைச் சாதம் எல்லாம் உண்டு. பாதிப் பேருக்குச் செருப்பு சேற்றோடு போனது. கன்று ஏற்றி வந்த டிராக்டர் வாய்க்கால் கரையில் இருந்து திடலுக்குள் இறங்கிச் சிக்கிக்கொண்டது. இன்னொரு டிராக்டரைக் கூப்பிட்டு, சங்கிலி போட்டு வந்த வழியே இழுத்தார்கள். முழங்கால் ஆழத்துக்கு இரண்டு தடம் விழுந்தது. அதை வைத்து அன்றைக்கு முழுக்கச் சிரித்தோம்.

இந்த பிப்ரவரியில் ப்ராஜெக்டுக்காக நானும் இரண்டு நண்பர்களும் திரும்பப் போனோம். எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது என்று அளப்பதுதான் திட்டம், ஸ்கேல்கூட எடுத்துப் போயிருந்தோம். போய்ப் பார்த்தால் வரிசை வரிசையாகக் குச்சி நிற்கிறது. தரையில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது, மிதித்தால் நொறுங்குகிறது. பட்டுப்போன ஒன்றைப் பிடுங்கினேன். பாலித்தீன் பை அப்படியே இருந்தது. வேர் வெளியே வர வழியில்லாமல் பைக்குள்ளேயே இடியாப்பம் மாதிரி சுற்றிக் கிடந்தது. நட்டவன் பையைக் கிழிக்கவே இல்லை. (அது நானாகவும் இருக்கலாம். அன்றைக்குக் கடைசி ஒரு மணி நேரம் எல்லோருக்கும் பசி.)

உயிரோடு இருந்தது 83. அதில் 71 அந்த டிராக்டர் தடத்தை ஒட்டியே இருக்கின்றன. மற்ற இடங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் 12. இன்னொன்றும் பார்த்தேன். தடத்துக்குள் நாங்கள் நடாத குட்டிச் செடிகள் நிறைய முளைத்திருந்தன. விரல் நீளம்தான் இருக்கும், அடியில் தடித்த இரண்டு பச்சைப் பருப்பு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. என்ன செடி என்று தெரியவில்லை.

இந்த ஜூலையில் அதே இடத்தில் 2,000 நடுவது என்று முடிவாகிவிட்டது. எண்ணிக்கையைச் சொன்னேன். "இயற்கையில் அப்படித்தான்பா, சுனாமியைத் தடுக்கிற மரம், நட்டுக்கொண்டே இருக்க வேண்டும்" என்றார் சார். நல்ல மனிதர், திட்ட எனக்கு மனசு இல்லை. ஆனால் மறுபடியும் 2,000 குச்சி நட்டுவிட்டு வருவதா? வேறு ரகக் கன்று வாங்கலாமா, நெருக்கி நடலாமா, வேலி போடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சேற்றுக்கால் பதில்:

தம்பி, நட்ட இடத்துக்குத் திரும்பப் போய் எண்ணிப் பார்த்தீர்கள் பாருங்கள், அதுக்கே ஒரு வணக்கம். நான் பார்த்த நடவு விழாக்களில் பத்துக்கு ஒன்பதில் யாரும் திரும்பிப் போனதே கிடையாது.

2003ல் இருந்து மூன்று வருஷம் பரங்கிப்பேட்டையில் ஆய்வு மாணவியாக இருந்தேன். வெள்ளாற்று முகத்துவாரம், பிச்சாவரம், இதுதான் நான் அலைந்த இடம். இப்போது பிழைப்பு வேறு. ஆனாலும் எங்கேயாவது வாய்க்கால் தூர்வாருகிற வாசனை வந்தால் வண்டியை நிறுத்திவிடுவேன்.

உங்கள் கேள்விக்குப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். டிராக்டர் தடம். ஏன் என்று சொல்கிறேன்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு படகுக்காரர் பிச்சாவரத்தில் என்னை ஒரு மொட்டைத் திடலில் இறக்கிவிட்டார். காட்டுக்கு நடுவே கிரிக்கெட் மைதானம் மாதிரி வெட்டவெளி. நடுவில் கணுக்காலளவு தண்ணீர் நின்றது. கையை விட்டால் குளிக்கச் சுடவைத்த தண்ணீர் மாதிரி சூடு. "வாயில வச்சுப் பாரும்மா" என்றார். வைத்தேன். கசப்பு என்றே சொல்லலாம், அப்படி ஓர் உப்பு. அப்புறம் படகில் ஏற்றிப் பத்தடி தள்ளி வாய்க்கால் தண்ணீரைக் கொடுத்தார். அது வெறும் கடல் தண்ணீர்தான், ஆனால் திடல் தண்ணீருக்கு முன்னால் அது நல்ல தண்ணீர் மாதிரி இருந்தது. அன்றைக்குப் புரிந்ததுதான் எனக்கு முதல் பாடம். மற்றதை எல்லாம் அப்புறம் புத்தகத்தில் படித்தேன்.

அந்தத் திடல் எப்படி வந்தது? வெள்ளைக்காரர் காலத்தில் ஆரம்பித்து, சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்த கூப்பு முறை. காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, முறை வைத்து ஒவ்வொரு துண்டையும் மொட்டையாக வெட்டுவார்கள். சில வருஷத்தில் தானாக வளர்ந்துவிடும் என்பது கணக்கு. மலைக்காட்டில் சரிவரலாம், சேற்றில் வரவில்லை. மரம் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுகிறது. சேறு காய்கிறது, அதில் இருக்கிற மட்கு சிதைகிறது, தரை சுருங்கிக் கீழே இறங்குகிறது. ஓரம் மேடாகவும் நடு பள்ளமாகவும், சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஆகிவிடுகிறது. அமாவாசை, பௌர்ணமிக்குப் பெரிய ஓதம் (கடல் ஏற்றம்) வரும்போது ஓரத்தைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வரும். போக வழி கிடையாது. அங்கேயே நின்று ஆவியாகும், உப்பு தங்கும். அடுத்த ஓதத்தில் இன்னும் கொஞ்சம் உப்பு.

ரொம்ப நாள் ஊர்க்காரர்கள் மேல்தான் பழி இருந்தது. விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள் என்று. மேய்ச்சலும் சேதம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களில் இறங்கிப் பார்த்தபோது மூலகாரணம் அந்தத் தட்டுப் பள்ளம் என்று தெரிந்தது. வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து வாய்க்கால் வெட்டினார்கள். ஆற்றில் இருந்தோ கழியில் இருந்தோ ஒரு பெரிய வாய்க்கால், அதில் இருந்து இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். மேலே இருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கும். செயற்கைக்கோள் படத்தில் இன்றைக்கும் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் அந்த முள் வடிவம் தெரியும், பெரிதாக்கிப் பாருங்கள். தண்ணீர் தினமும் வந்து போக ஆரம்பித்ததும் உப்பு குறைந்தது. வாய்க்கால் ஓரத்தில் கன்று நட்டார்கள், தானாகவும் நிறைய முளைத்தது.

உங்கள் டிராக்டர் செய்தது அதேதான். ஓர மேட்டை உடைத்துக்கொண்டு உள்ளே போய், இரண்டு வாய்க்கால் வெட்டிவிட்டு வந்திருக்கிறது. 71 கன்று பிழைத்ததும் அதனால்தான்.

நீங்கள் பார்த்த குட்டிச் செடி வெண்கண்டல், அதுவும் ஓர் அலையாத்தி வகைதான். அந்தத் தடித்த பருப்பு அதன் விதையிலை. மழைக்காலத்தை ஒட்டி விதை உதிர்ந்து, தண்ணீரில் மிதந்து போய், எங்கே தட்டுகிறதோ அங்கே வேர் பிடிக்கும். அடுத்த முறை போகும்போது பெரிய வெண்கண்டல் ஒன்றின் இலையைத் திருப்பி நக்கிப் பாருங்கள். உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிற மரம் அது. முத்துப்பேட்டைக் காடு கிட்டத்தட்ட முழுக்க அதுதான். சுரபுன்னைக்கு அந்த வித்தை கிடையாது, அது வேரிலேயே உப்பை வடிகட்டப் பார்க்கும். தினமும் தண்ணீர் ஏறி இறங்குகிற வாய்க்கால் ஓரம்தான் அதற்குச் சரியான இடம். பிறகு ஏன் எல்லோரும் சுரபுன்னையே நடுகிறார்கள் என்றால், கையாள எளிது. மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் மாதிரி தொங்கும், பறித்துச் சேற்றில் குத்தினால் வேலை முடிந்தது. நட்ட அன்றே செடி மாதிரி நிற்கும், போட்டோவுக்கும் நன்றாக விழும்.

ஜூலை 26 பற்றியும் ஒரு வார்த்தை. அது யுனெஸ்கோ உலகத்துக்கு எல்லாம் பொதுவாக வைத்த நாள், நம் கடற்கரையைக் கேட்டு வைத்ததில்லை. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகை. ஜூலையில் மேட்டூர் தண்ணீர் உங்கள் கடைமடைக்கு வந்து சேர்ந்திருந்தாலே பெரிய விஷயம். பெயரிலேயே கடைமடையை வைத்திருப்பவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

2,000 வாங்குவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். கொத்தனார் யாரிடமாவது லெவல் டியூப் இரவல் வாங்குங்கள், அந்தத் தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் குழாய். பக்கத்தில் தானாக வளர்ந்த வெண்கண்டல் நிற்கிற தரை என்ன மட்டம், உங்கள் திடலின் ஓரம் என்ன மட்டம், நடு என்ன மட்டம் என்று எடுங்கள். பாக் நீரிணையில் ஓதம் சென்னை அளவுக்கு ஏறாது, உள்ளே வாய்க்கால்களில் இன்னும் குறைவு. அங்கே ஒரு சாண் வித்தியாசம் வந்தால் செடிக்கு வாழ்வா சாவா என்று ஆகிவிடும். துறையில் தண்ணீரின் உப்பளவு காட்டுகிற ரிஃப்ராக்டோமீட்டர் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.

சுனாமி பற்றிச் சார் சொன்னதற்கும் ஒன்று. 2005ல் எங்கள் பரங்கிப்பேட்டையில் இருந்துதான் 18 மீனவக் குடியிருப்புகளை வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரை போனது, அலையாத்தி இருந்த இடத்தில் உயிரிழப்பு குறைவு என்று. அடுத்த வருஷமே வேறு சிலர் அதே எண்களை எடுத்து, மேட்டில் இருந்ததும் கடலில் இருந்து தள்ளி இருந்ததும்தான் பெரும்பாலும் காரணம் என்று மறுத்து எழுதினார்கள். காடு அலையின் வேகத்தைக் குறைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, கிள்ளைப் பக்கம் சனங்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் பைக்குள் வேர் சுருண்ட குச்சி எதையும் தடுக்காது.

படகுத்துறை பதில்:

அக்கா சொன்னது சரி. நான் ஜாம்புவானோடை பக்கம். அப்பா படகு ஓட்டுகிறார், நான் டிப்ளமோ முடித்துவிட்டு லீவு நாளில் அவரோடு போவேன். தம்பி சொல்கிற திடல் எது என்று எனக்குப் புரிந்துவிட்டது, டிராக்டர் மாட்டிய கதை எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும்.

நட வருகிறவர்கள் யாரும் எங்களிடம் கேட்பதில்லை. கேட்டிருந்தால் அப்பாவே சொல்லியிருப்பார். அந்தத் திடலில் தை மாதம் வரைக்கும் தண்ணி நிற்கும், மாசியில் காய ஆரம்பிக்கும், சித்திரையில் உப்பள வேலையே பார்க்கலாம். ஆடு மேய்க்கிறவர்கூட அங்கே போக மாட்டார்.

வேலி கேட்டீர்கள். ஆடு மாடு வெண்கண்டல் இலையை விரும்பித் தின்னும், அதனால் கரையை ஒட்டி நட்டால் வேலி வேண்டும். உள்ளே தேவையில்லை. உள்ளே வேறு எதிரி, கொட்டலசு என்கிற ஓடுள்ள சின்னக் கடல் உயிரி. வாய்க்கால் ஓரமாகத் தாழ்வாக நட்ட கன்றுத் தண்டில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கொள்ளும், கனம் தாங்காமல் கன்று சாயும். பாசியும் வந்து சுற்றிக்கொள்ளும். ரொம்ப மேட்டில் நட்டால் உப்பு, ரொம்பத் தாழ்வில் நட்டால் இது.

இன்னொன்றும் சொல்லணும். மரம் இல்லாத சேறு எல்லாமே வீண் கிடையாது. இந்தத் திடல் வேறு, ஆனால் லகூன் பக்கம் போனால் தண்ணி வத்தும்போது திறக்கிற வழுவழுப்பான சேறு இருக்கும். குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவை ஆயிரக்கணக்கில் இறங்குவது அங்கேதான். கோடியக்கரையில் இருந்து இந்தப் பக்கம் வரைக்கும் சேர்த்து 2002லேயே ராம்சார் இடம், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்று அறிவித்தாச்சு. நண்டு, இறால் பிடிப்பதும் அங்கேதான். ஒரு முறை வேறு ஒரு கூட்டம் வந்து அந்தச் சேற்றில் சுரபுன்னை குத்திவிட்டுப் போனது. எங்கள் வலைதான் கிழிந்தது. ஒரு கன்றும் நிற்கவில்லை.

கஜா புயல் அடித்தது 2018 நவம்பர் 16 விடியற்காலை. மறுநாள் படகில் போனோம். காடு முழுக்க இலையே இல்லாமல் தீப்பிடித்த மாதிரி நின்றது. அப்பா படகிலேயே உட்கார்ந்துவிட்டார். இனி நம்ம காலத்துக்குள் வராது என்றார். ஆனால் தண்ணி ஓட்டம் இருந்த இடங்களில் அடுத்த மழைக்கே விதை ஒதுங்கி முளைத்தது, நான் கண்ணால் பார்த்தேன். தண்ணி கட்டிய இடம் இன்றைக்கும் அப்படியேதான் கிடக்கிறது.

கடைமடை:

அக்கா, அண்ணே, ரெண்டு பேருக்கும் நன்றி. படித்துவிட்டு என் நண்பனுக்கு அனுப்பினேன். "அப்ப டிராக்டர்க்காரருக்குத்தான் சால்வை போட்டிருக்கணும்" என்கிறான்.

ஒரு சந்தேகம். அப்படியானால் நாங்களே மண்வெட்டி எடுத்துப் போய் நான்கு வாய்க்கால் வெட்டிவிடலாமா? 90 பேர் இருக்கிறோம், ஒரு நாள் வேலைதானே?

சேற்றுக்கால்:

ஐயோ, அவசரப்படாதீர்கள். அது காப்புக்காடு. அனுமதி இல்லாமல் ஒரு கூடை மண் எடுத்தாலும் வழக்கு வரும். நடுவதற்கு உங்கள் கல்லூரி வாங்கிய அனுமதி வெட்டுவதற்குச் செல்லாது. ரேஞ்சரைப் போய்ப் பாருங்கள், எண்ணிக்கையோடும் போட்டோவோடும். முத்துப்பேட்டையில் வாய்க்கால் முறை அவர்களுக்குப் புதிதில்லை, அந்த வேலையைச் செய்த துறையே அதுதான். ஒரு மாணவன் 1,200ல் 83 என்று கணக்கோடு வந்து நின்றால் கேட்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

வெட்டியதோடும் முடியாது. வாய்க்கால் தூர்ந்துவிடும், அதுவும் வாய்ப்பக்கம் சீக்கிரமே மண் தட்டும். தொடர்ந்து தூர் எடுத்தால்தான் பலன். மட்டம் பார்க்காமல் வெட்டினால் தண்ணீர் உள்ளே வந்து வெளியே போகாது, இருக்கிற நிலையைவிட மோசமாகிவிடும். எங்கள் குழுவில் ஒருவர் கண்மட்டத்தில் வெட்டச் சொல்லி, 20 மீட்டர் போன பிறகுதான் தெரிந்தது வாய்க்கால் உள்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று. திரும்ப மூட இரண்டு நாள் ஆனது. அந்த ஒருவர் நான்தான்.

இன்னொரு எச்சரிக்கை. மேட்டுப் பக்கம் தில்லை மரம் இருந்தால் கிளையை ஒடிக்காதீர்கள், ஒடித்த கையால் கண்ணைத் தொடாதீர்கள். பால் பட்டால் கண் போகும் அளவுக்கு எரியும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம்தான், ஆனால் பக்தி வேறு, பால் வேறு.

மட்டு வாவி பதில்:

இதை மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறேன். வாசிக்க வாசிக்க எங்கட கதை மாதிரியே கிடக்கு.

2004 சுனாமிக்குப் பிறகு எங்கட நாட்டில் கண்டல் (அலையாத்தியை நாங்கள் அப்படித்தான் சொல்லுவம்) நடாத நிறுவனம் இல்லை. நானும் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை, வரிசையில் நின்று வாவிக் கரையில் குத்தினேன். பத்து வருசத்துக்கும் மேல் கழிந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாடு முழுக்க 23 நடவு இடங்களுக்குப் போய் வடிவாக எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 2017ல் கட்டுரை வந்தது. 9 இடத்தில் ஒரு செடிகூட மிச்சமில்லை. பாதிக்கு மேல் பிழைத்தது மூன்றே மூன்று இடத்தில். காரணம் நீங்கள் சொன்னதுதான்: பொருந்தாத இடம், பொருந்தாத மட்டம், எல்லா இடத்திலும் ஒரே இனம், நட்ட பிறகு பார்க்க ஆளில்லை. நான் குத்திய இடத்தில் இப்போது ஒரு சீமெந்து இருக்கை இருக்கு.

ஆனால் சரியாகச் செய்த இடமும் இருக்கு. புத்தளம் மாவட்டத்தில், சிலாபம் பக்கம் ஆனைவிழுந்தாவையில் கைவிட்ட இறால் பண்ணைகள். அந்தக் குளங்களைச் சுற்றி வரம்பு கட்டிக் கிடந்ததால் தண்ணி வந்து போக வழியில்லை. அங்கே முதலில் நீரோட்டத்தைத்தான் சரிசெய்தார்கள், பிறகுதான் செடி. வயம்ப பல்கலைக்கழகத்து ஆட்களும் அதில் இருக்கினம். 2024ல் ஐ.நா. இலங்கையின் கண்டல் மீளமைப்பை உலக முன்மாதிரித் திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது. முந்தின தோல்வியில் இருந்து படித்ததும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தம்பி, உங்கட 83ஐ மறைக்க வேண்டாம். உங்கட சாரிடம் அந்த எண்ணிக்கையைக் கட்டுரையாக எழுதலாம் என்று கதைத்துப் பாருங்கோ. நடவு என்று சொன்னால் கேட்காத பேராசிரியர், கட்டுரை என்றால் கேட்பார்.

கடைமடை:

வைகாசி அமாவாசைக்குப் போய் வந்தோம். அக்கா சொன்னபடி மட்டம் எடுத்ததை எழுதுகிறேன்.

கொத்தனார் மாமாவிடம் டியூப் வாங்கினோம். எதற்கு என்று கேட்டார். கடலுக்கு மட்டம் பார்க்க என்றதும் ஒரு மாதிரி பார்த்தார். படகுத்துறை அண்ணன்தான் அப்பாவோடு கூட்டிப்போனார், டீசலுக்கு மட்டும் காசு வாங்கினார்கள். காலை 6 மணிக்கு இறங்கினோம்.

வெண்கண்டல் நிற்கிற தரையை அடிப்படையாக வைத்துக்கொண்டோம். திடலின் ஓரம் அதைவிட 6 சென்டிமீட்டர் மேடு. நடு 11 சென்டிமீட்டர் பள்ளம். தட்டு என்று அக்கா சொன்னதைச் சார்ட்டில் வரைந்தபோதுதான் எனக்கு உறைத்தது. 17 சென்டிமீட்டர், அக்கா சொன்ன ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. இதை 90 பேர் ஒரு நாள் முழுக்க மிதித்தும் யாருக்கும் தெரியவில்லை.

நடுவில் ஒரு குட்டை மிச்சம் இருந்தது. ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் கோடு ஆயிரத்துக்கு 100 பங்கு உப்பு என்பதைத் தாண்டி மேலே போய்விட்டது. கருவியில் அதற்கு மேல் எண்ணே இல்லை. உடைத்துவிட்டோமோ என்று பயந்து குடிநீர் பாட்டிலில் இருந்து ஒரு சொட்டு விட்டோம், சரியாகச் சுழி காட்டியது. டிராக்டர் தடத்துத் தண்ணீர் 41. பெரியவர் அந்தக் குட்டைத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "இதுக்கு மெஷின் வேற" என்றார்.

தடத்தின் வாயில் ஏற்கெனவே மண் தட்ட ஆரம்பித்துவிட்டது. ஒன்று பாதி மூடிவிட்டது. உள்ளே வெண்கண்டல் குட்டிகளை எண்ணினோம், 214. நாங்கள் காசு கொடுத்து வாங்கி நட்டுப் பிழைத்ததைவிட இரண்டரை மடங்கு. சுரபுன்னையில் இன்னும் 4 பட்டுவிட்டது, அதனால் இப்போதைய கணக்கு 79.

சாரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். சார்ட்டை ரொம்ப நேரம் பார்த்தார். "இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கலாமே" என்றார். பிறகு கட்டுரை விஷயத்தையும் சொன்னேன். மட்டு வாவி அண்ணன் சொன்னது நடந்தது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரேஞ்சருக்குக் கடிதம் அவரே எழுதுகிறார். இந்தத் திடலுக்கு ஜூலையில் கன்று கிடையாது. வனத்துறை சரி என்றால் ஐப்பசிக்கு முன்னால் இரண்டு தடத்தின் வாயை மட்டும் தூர் எடுப்பது, மழைக்குப் பிறகு என்ன முளைக்கிறது என்று எண்ணுவது.

ஆனால் ஒரு சிக்கல். ஜூலை 26க்கு 2,000 கன்று என்று பேனர் அடித்தாச்சு, அந்தச் செலவுக்குக் கணக்கு காட்ட வேண்டுமாம். 2,000 கன்றுக்குப் பதிலாக 90 பேரையும் எண்ண வைக்கலாமா என்று கேட்டேன். பேனரில் எண்ணுவது போல எப்படிப் படம் போடுவது என்று யோசிக்கிறார்கள்.

படகுத்துறை அண்ணே, 26ஆம் தேதி எத்தனை படகு கிடைக்கும்? ஒரு படகுக்குப் பத்துப் பேர் என்றாலும் ஒன்பது வேண்டும்.

படகுத்துறை:

ஒன்பதும் கிடைக்கும். ஆனால் அன்றைக்கு அமாவாசையா பௌர்ணமியா என்று காலண்டர் பார்த்துவிட்டுச் சொல், தண்ணி இல்லாத நேரத்தில் வந்தால் பாதி வழியில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். செருப்பு போட்டு வர வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிவிடு. பழைய கான்வாஸ் ஷூ இருந்தால் கயிறு இறுக்கிக் கட்டிக்கொண்டு வரட்டும், சேற்றில் இருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கிற மூச்சுவேர் குத்தும்.